விலகிய தேதி

அந்த உயர்நிலைப் பள்ளியில் ஒரு பிள்ளையின் பேரை அடிப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. மற்ற பள்ளிக்கூடங்களில் பிள்ளை ஒரு மாதம் வராவிட்டால் சிவப்பு மையால் ஒரு கோடு இழுத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொள்வார்கள். இங்கே அந்தப் பேச்சுக்கே இடமில்லை. வீட்டு ஆள் ஒருவர் நேரில் வந்து, அலுவலக ஜன்னலுக்கு வெளியே நின்று, விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட வேண்டும். போட்ட தேதிதான் விலகிய தேதி. ஆள் வராத வரைக்கும் சேர்க்கைப் பதிவேட்டில் அந்தப் பிள்ளையின் வரிசையில் கடைசி இரண்டு கட்டங்கள், விலகிய தேதியும் காரணமும், காலியாகவே கிடக்கும். பத்து வருஷமானாலும் சரி, ஐம்பது வருஷமானாலும் சரி.

இதை ஆரம்பித்து வைத்தவர் முதல் தலைமையாசிரியர். ஒரு பழைய மரக்கிடங்கில் பத்தொன்பது பிள்ளைகளோடு பள்ளிக்கூடம் தொடங்கிய காலம் அது. ஆலை வேலைக்கென்று பாதியில் நின்றுபோன பையன்களின் பேரை அடிக்கச் சொல்லி மேலிடத்திலிருந்து தாள் வந்ததாம். "அவன் போய்விட்டான் என்று உங்களுக்கு யார் சொன்னது? இன்னும் வரவில்லை, அவ்வளவுதான்" என்று மனுஷன் பதில் எழுதிப் போட்டாராம். அதன் பிறகு கட்டடம் மாறியது, சீருடையின் நிறம் மூன்று தடவை மாறியது, பள்ளிப் பாட்டில்கூட ஒரு வரியை வெட்டினார்கள். இந்த வழக்கத்தில் மட்டும் யாரும் கை வைக்கவில்லை. அதுதான் அந்தப் பள்ளிக்கூடத்தின் குணம் என்று ஆகிப்போனது. முப்பத்தோரு வயதில் ஒரு கொத்தனார் சிமென்ட் கையோடு வந்து, விட்ட படிப்பைப் படிக்கலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டபோது, "உங்க வரிசை திறந்துதான் இருக்கு, உள்ள வாங்க" என்று சொன்னவள் கிளார்க்கம்மா. பழைய சேர்க்கை எண்ணிலேயே அவர் பத்தாம் வகுப்பு முடித்தார்.

கிளார்க்கம்மா என்றால் அந்த வட்டாரத்தில் ஒரே ஒருத்திதான். முப்பத்திரண்டு வருஷமாக அந்த ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்திருக்கிறாள். தலைமையாசிரியர்கள் வருவார்கள், போவார்கள். அவர்களெல்லாம் விருந்தாளிகள், வீட்டுக்காரி இவள்தான் என்று வாத்தியார்கள் பேசிக்கொள்வார்கள். அது அவள் காதிலும் விழும். விழாத மாதிரி இருப்பாள், உள்ளுக்குள் இனிக்கும். அவளுடைய பதிவேட்டில் அடித்தல் திருத்தல் இருக்காது. நடக்காத ஒன்றை எந்தக் கொம்பன் வந்து சொன்னாலும் எழுத மாட்டாள். "பொய் எழுதினா என் பேனாவுல மை இறங்காது" என்பாள். அப்படிச் சொல்கிறவளின் பதிவேட்டில், ஒரே ஒரு வரிசையில், ஒரு பொய் பத்தொன்பது வருஷமாக உட்கார்ந்திருந்தது. அது தனக்கு மட்டும்தான் தெரியும் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

பள்ளிக்கூடம் தொடங்கிய தொண்ணூற்றாறாவது வருஷத்தில் அதை மூடுவதென்று முடிவானது. மூடுவது என்று யாரும் வாயால் சொல்லவில்லை, இணைப்பு என்றார்கள். பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற உயர்நிலைப் பள்ளியோடு இணைக்கிறார்களாம். மிச்சமிருந்த பிள்ளைகள் அறுபத்தொன்று. அதை வைத்துக்கொண்டு சண்டை போடவும் முடியாது.

"இன்னும் நாலு வருஷம் பொறுத்தா நூறு. நூறு அடிக்கப் போற ஆளை மைதானத்துல இருந்து வெளிய கூப்பிடற மாதிரி இருக்கு" என்று அஞ்சு நிமிஷம் புலம்பினார். அஞ்சு நிமிஷம் என்பது அலுவலக உதவியாளர். என்ன வேலை சொன்னாலும் "அஞ்சு நிமிஷம்" என்பதுதான் பதில், அதனால் வந்த பேர். மணி மட்டும் நொடி பிசகாமல் அடிப்பார்.

ஒரு காலத்தில் இரண்டு பள்ளிக்கூடமும் எலியும் பூனையுமாக இருந்தவை. யாரிடம் தோற்றாலும் தோற்கலாம், அந்தப் பக்கத்திடம் தோற்கக் கூடாது. "அந்தப் பக்கம்" என்றுதான் சொல்வார்களே தவிர, அந்தப் பள்ளியின் பேரைச் சொல்ல மாட்டார்கள், ஆகாத சம்பந்தியைச் சொல்வது போல. இப்போது அந்தச் சம்பந்தி வீட்டுக்கே மூட்டை முடிச்சோடு போக வேண்டியதாயிற்று.

போவதற்கு முன்னால் சேர்க்கைப் பதிவேடுகளை முடித்து ஒப்படைக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. ஒரு வரிசைகூடத் திறந்திருக்கக் கூடாது. வீட்டு ஆள் இருந்தால் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்க வேண்டும். ஆள் கிடைக்காவிட்டால் அறிவிப்புப் பலகையில் முப்பது நாள் ஒட்டிவிட்டுத் தலைமையாசிரியையே முடித்துவிடலாம். கிளார்க்கம்மா பதினேழு தொகுதிகளையும் இறக்கச் சொன்னாள். அஞ்சு நிமிஷம் ஒரு மணி நேரத்தில் இறக்கினார். தூசியில் தும்மித் தும்மி இரண்டு பேரும் எண்ணினார்கள். நூற்று முப்பத்தேழு வரிசைகள் திறந்து கிடந்தன.

மூன்று மாதமாக அதுவே வேலையாக இருந்தது. சிலருக்குக் கடிதம் போட்டாள். சிலரைத் தெருவில் பார்த்துக் கூப்பிட்டாள். கிழவர்களாக வந்தார்கள், கிழவர்களின் பிள்ளைகள் வந்தார்கள். தன் அத்தை இங்கே படித்தாள் என்பதே தெரியாத ஒருவன் வந்து, பதிவேட்டில் அத்தையின் பேரைத் தடவிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டான்.

சைக்கிள் கடைக்காரர் வந்த நாள் அலுவலகமே கலகலத்தது. அவருக்கு அறுபத்து மூன்று வயது. எட்டாம் வகுப்பு பாதியில் அப்பா படுத்த படுக்கையானதும் பஞ்சர் ஒட்டப் போனவர். வீட்டிலிருந்து யாரும் வந்து கையெழுத்துப் போடவில்லை. ஆகையால் தான் இன்னும் எட்டாம் வகுப்பு மாணவன்தான் என்று சொல்லிக்கொண்டு திரிவார். பஸ்ஸில் ஏறினால் மாணவர் பாஸ் கேட்டுக் கண்டக்டரை ஒரு வழி பண்ணுவார். பேரன் எட்டாம் வகுப்புக்கு வந்தபோது, "டேய், இனிமே நாம ரெண்டு பேரும் ஒரே கிளாஸ். தாத்தா கீத்தான்னு கூப்பிடாத" என்றாராம்.

விண்ணப்பத்தைக் கையில் கொடுத்ததும் அவருக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. "வீட்டு ஆள் கையெழுத்துன்னு போட்டிருக்கே. அப்பா போயி எத்தனையோ வருஷம் ஆச்சு. எங்க வீட்டுல பெரிய ஆளுன்னா இப்ப நான்தாம்மா இருக்கேன்."

"நீங்களே போடுங்கண்ணே."

போட்டார். பேனாவை மூடித் திருப்பிக் கொடுத்தவர் நகராமல் நின்றார். "அப்போ இன்னையோட நான் படிப்ப நிறுத்திட்டேன். இல்லம்மா?"

 அஞ்சு நிமிஷத்தைக் கூப்பிட்டு அவருக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னாள் கிளார்க்கம்மா.

இப்படியே ஒவ்வொன்றாக முடிந்து, கடைசியில் நூற்று முப்பத்தாறு வரிசைகள் மூடப்பட்டன. பதினான்காம் தொகுதியில் ஒன்று மட்டும் நின்றது. அது யாருடையது என்று அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். அது கிளார்க்கம்மாவின் மகளுடையது.

பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் அந்தப் பெண் இங்கேதான் பத்தாம் வகுப்பு படித்தாள். நல்ல கெட்டிக்காரி, வாயும் நீளம். ஒருநாள் மதிய இடைவேளையில் அலுவலக ஜன்னலுக்கு வந்து, வெளியார் மாதிரி கம்பியைத் தட்டினாள்.

"மேடம், டி.சி. வேணும்."

"வெளையாடாத. வீட்டுல பேசிக்கலாம் போ."

"வீட்டுல நீ அம்மா. இங்கதான் கிளார்க்கு. அதான் இங்க வந்தேன்" என்று விண்ணப்பத்தை உள்ளே தள்ளினாள். அவள் கையெழுத்தில் எழுதியிருந்தது, கீழே அப்பா கையெழுத்துப் போட்டிருந்தார். அன்று காலையில் அவரையும் கூட்டிக்கொண்டு வந்து, இதே ஜன்னலுக்கு வெளியே நிற்க வைத்துத்தான் கையெழுத்து வாங்கியிருக்கிறாள். அம்மா வங்கிக்குப் போயிருந்த நேரம். பள்ளி விதி அப்படி அத்துப்படி அவளுக்கு. காரணம் என்ற இடத்தில், பாலத்துக்கு அந்தப் பக்கம் உள்ள பள்ளியில் சேர விரும்புவதால் என்று எழுதியிருந்தாள்.

"அந்தப் பக்கமா? இங்க உனக்கு என்னடி குறைச்சல்?"

"இங்க எனக்குப் பேரே கிடையாதும்மா. மார்க் வாங்கினாலும் கிளார்க்கம்மா பொண்ணு, கொட்டாவி விட்டாலும் கிளார்க்கம்மா பொண்ணு. அந்தப் பக்கம் யாருக்கும் உன்னைத் தெரியாது. என் பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டாகணும்."

வழக்கப்படி அந்த நிமிஷமே பதிவேட்டை எடுத்து வரிசையை மூடியிருக்க வேண்டும். வீட்டு ஆள் வந்தாயிற்று, கையெழுத்துப் போட்டாயிற்று, பிறகு கிளார்க்குக்கு அங்கே என்ன வேலை? ஆனால் அன்றைக்குப் பட்டியலில் இருந்த பிள்ளைகள் சரியாக ஐநூறு பேர். ஒன்று குறைந்தாலும் ஒரு பிரிவு போகும், அதோடு இரண்டு ஆசிரியர்கள் போவார்கள். கணக்கெடுப்புக்கு இன்னும் இருபத்தைந்து நாள் இருந்தது. அது முடிந்த மறுநாளே கொடுத்துவிடலாம், ஒரு மாதத்தில் என்ன குடி முழுகிவிடப் போகிறது என்று நினைத்தாள். இந்தக் காரணத்தையாவது மகளிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஊரார் பிள்ளை போகிறேன் என்றால் வாழ்த்தி அனுப்புகிறவள், சொந்தப் பிள்ளை அந்தப் பக்கம் போகிறேன் என்றதும் முகம் சுண்டிப்போனாள். உண்மை அதுதான். "நாளைக்குப் பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு, விண்ணப்பத்தைப் பதினான்காம் தொகுதியின் பின்னட்டை உறைக்குள் செருகினாள்.

மறுநாளும் கேட்டாள். "நாளைக்கு." அதற்கு மறுநாளும் கேட்டாள். அப்புறம் கேட்பதை நிறுத்திவிட்டாள், பேசுவதையும் குறைத்துக்கொண்டாள். ஒரே வீட்டில் இருந்துகொண்டு, ஒரே தட்டுக்கூடையில் தட்டைக் கழுவி வைத்துக்கொண்டு, அம்மாவும் மகளும் இரண்டு வாரம் உம்மென்று இருந்தார்கள். பதினெட்டாம் நாள் மகளுக்குக் காய்ச்சல் வந்தது. இருபத்திரண்டாம் நாள் போய்ச் சேர்ந்தாள்.

பள்ளிக்கூடம் முழுவதும் மைதானத்தில் நின்று அஞ்சலி செலுத்தியது. "நம் பள்ளியின் செல்ல மகள்" என்று அப்போதைய தலைமையாசிரியர் தழுதழுத்தார். கிளார்க்கம்மா வாயைப் பொத்திக்கொண்டு முன்வரிசையில் நின்றாள். மூன்று வாரத்துக்கு முன்பே மகள் இந்தப் பள்ளியை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள் என்று அங்கே சொல்ல அவளுக்கு நா எழவில்லை. பதினாறு நாள் கழித்து வேலைக்குத் திரும்பியபோது கணக்கெடுப்பு முடிந்திருந்தது. அவள் இல்லாத நேரத்தில் யாரோ பதிவேட்டைப் பார்த்து, திறந்திருந்த வரிசைகளை எண்ணி, இந்த வருஷத்துப் பிள்ளைகள் ஐநூறு என்று எழுதி அனுப்பியிருந்தார்கள். செத்துப்போன பிள்ளையையும் சேர்த்து எண்ணித்தான் அந்தப் பிரிவு தப்பியது. அவள் அதைத் திருத்தவில்லை. அன்றைக்கு மூட முடியாமல் போன வரிசையை அப்புறம் எந்த நாளிலும் மூட முடியவில்லை.

அதற்குப் பிறகு வந்த தலைமையாசிரியர்கள் ஒவ்வொருவரும் வருஷக் கடைசியில் பதிவேட்டைச் சரிபார்க்கும்போது அந்த வரிசை இருந்த தாளை வேகமாகப் புரட்டிவிடுவார்கள். பெத்த மனசு, ஒரு வார்த்தை எழுதக் கை வரவில்லை என்று நினைத்துக்கொள்வார்கள். அவர்கள் அப்படி நினைத்து அவளிடம் காட்டிய பரிவு ஒவ்வொன்றும் அவளைச் சுட்டது.

இப்போதைய தலைமையாசிரியை சின்ன வயது, நல்ல மாதிரி. ஒரு பிற்பகல் கதவைச் சாத்திவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"அம்மா, ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்காதீங்க. அந்த ஒரு வரிசையை நானே எழுதிடறேன். தேதியைப் போட்டு, காரணத்துல காலமானார்னு ஒரே வார்த்தை. நீங்க அதைப் பார்க்கக்கூட வேண்டாம்."

"வீட்டு ஆள் கையெழுத்து வேணும் மேடம்."

"நீங்களே வீட்டு ஆள்தானே?"

"எழுதறவளே கையெழுத்துப் போட்டா அது செல்லாது. அந்த வழக்கம் இங்க கிடையாது."

தலைமையாசிரியை பெருமூச்சு விட்டார். "அப்போ சாரை வரச் சொல்லுங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள எல்லாம் முடிஞ்சாகணும்மா."

சார் என்றது அவள் கணவரை. நாலு தெரு தள்ளித் தையல் கடை வைத்திருக்கிறார். அந்தப் பள்ளிக்கூடத்தின் சீருடையை முப்பது வருஷமாகத் தைத்தவர் அவர்தான். மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் அவள் கடைக்குப் போனபோது, மெஷினை நிறுத்தாமலேயே நிமிர்ந்து பார்த்தார். ஒருபுறம் அடுக்கியிருந்த துணி பழைய நிறம் இல்லை, அந்தப் பக்கத்து நிறம். அறுபத்தொரு பிள்ளைகளும் மாற்றிக்கொள்ள வேண்டுமே.

"வெள்ளிக்கிழமை கொஞ்சம் பள்ளிக்கூடம் வரைக்கும் வரணுங்க. அவ வரிசையை முடிக்கணுமாம். ஒரு கையெழுத்து."

மெஷின் நின்றது. அவர் ஏதோ கேட்க வாயெடுத்த மாதிரி இருந்தது. அப்புறம், "வரேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு நூலைக் கடித்து அறுத்தார்.

வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள். அறுபத்தொரு பிள்ளைகளுக்கும் அன்றைக்கே மாற்றுச் சான்றிதழ். காலையிலிருந்தே ஜன்னலுக்கு வெளியே பெற்றோர் வரிசை நீண்டு நின்றது. ஒவ்வொருவரும் கையெழுத்துப் போட்டார்கள், சான்றிதழை வாங்கினார்கள், வாங்கியதும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்.

"இத எங்கங்க கொண்டுபோய்க் குடுக்கணும்?"

"பாலத்துக்கு அந்தப் பக்கம், ஆபீஸ்ல. திங்கக்கிழமைக்குள்ள. மடிக்காமக் கொண்டு போங்க."

முப்பத்திரண்டு வருஷமாக அந்தக் கேள்விக்கு அவள் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறாள். சேரப்போகிற இடம் எதுவோ, அங்கே கொடுக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும்தான். ஆனாலும் ஒருதரம் கேட்டுவிட்டுப் போனால்தான் திருப்தி. அன்றைக்கு மட்டும் நாற்பது தடவைக்கு மேல் சொல்லியிருப்பாள்.

பதினொரு மணிக்கு நிமிர்ந்தபோது வரிசையில் அவர் நின்றுகொண்டிருந்தார். இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தில் எப்போதும் தொங்குகிற அளவு நாடா இல்லை. அஞ்சு நிமிஷம் ஓடிப்போய், "உள்ள வாங்க சார், நாற்காலி போடறேன்" என்றார். "இருக்கட்டும். எல்லாரும் நிக்கறாங்களே" என்று அவர் வரிசையிலேயே நகர்ந்து வந்தார். அவருக்குப் பின்னால் இடுப்பில் குழந்தையோடு ஒரு அம்மா நின்றாள்.

ஜன்னலுக்கு வந்ததும் கிளார்க்கம்மா விண்ணப்பத்தைத் தள்ளினாள். எல்லாவற்றையும் அவளே நிரப்பி வைத்திருந்தாள். காரணம் என்ற இடத்தில் அந்த ஒரு வார்த்தையை எழுத மட்டும் முந்தின நாள் முழுக்கப் பிடித்திருந்தது. 

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழே படித்தார். பேனாவை எடுத்தார். வைத்துவிட்டார்.

"இது ரெண்டாவது கையெழுத்து" என்றார், அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

அவள் நிமிர்ந்தாள்.

"முதல்ல போட்டது என்னாச்சு?"

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன? அன்னைக்குச் சாயங்காலமே வந்து சொன்னாளே. அம்மா நாளைக்குன்னு சொல்லிட்டாங்கப்பான்னு. அப்புறம் தினமும் சொன்னா."

"இத்தனை வருஷமா ஒரு வார்த்தை என்கிட்ட கேக்கலியே."

"என்னன்னு கேக்கறது? அப்ப, அம்மாவுக்கும் பொண்ணுக்கும் நடுவுல நான் எதுக்குன்னு இருந்துட்டேன். நாள் இருக்குன்னு நெனச்சேன். அவளுக்கு அந்தப் பக்கத்து யூனிஃபார்ம்கூடத் தச்சு வச்சிட்டேன், வளர்ற பிள்ளைன்னு ரெண்டு விரக்கடை மடிப்பு விட்டு. நீ டி.சி. குடுக்கற அன்னைக்குக் காட்டலாம்னு இருந்தேன்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "அப்புறம் கேட்டு என்ன ஆகப்போகுது."

 பத்தொன்பது வருஷமாகத் தனக்குள் பூட்டி வைத்திருந்ததாக அவள் நினைத்த ஒன்றை, இந்த மனுஷனும் அதே வீட்டில், அதே பாயில் படுத்துக்கொண்டு, பூட்டி வைத்திருந்திருக்கிறார். ஒருவர் மேல் ஒருவர் பழி போட்டு ஒரு நாளாவது வாய்விட்டு அழுதிருக்கலாம். அதையும் செய்யவில்லை. அவளுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது. எழுந்தாள். தள்ளிய விண்ணப்பத்தை அவர் கையிலிருந்து திரும்ப வாங்கி நாலாகக் கிழித்தாள்.

பதினான்காம் தொகுதி மேசையில்தான் இருந்தது. பின்னட்டை உறைக்குள் விரலை விட்டுப் பழைய தாளை எடுத்தாள். ஓரம் பழுத்திருந்தது, எழுத்து அப்படியே இருந்தது. மகள் 'சேர' என்பதை எப்போதும் போலக் கொஞ்சம் சாய்த்து எழுதியிருந்தாள். கீழே அவருடைய கையெழுத்தும், பத்தொன்பது வருஷத்துக்கு முந்தைய தேதியும்.

வரிசையைத் திறந்தாள். விலகிய தேதி என்ற கட்டத்தில் அந்தத் தேதியை எழுதினாள். காரணம் என்ற கட்டத்தில், வேறு பள்ளியில் சேர்வதற்காக என்று எழுதினாள். ஓரத்தில், காலதாமதமாகப் பதிந்தது என் தவறு என்று எழுதி, இன்றைய தேதி போட்டுச் சுருக்கொப்பம் வைத்தாள். மை இறங்கியது.

ஏதோ தாள் எடுக்க அலுவலகத்துக்கு வந்த தலைமையாசிரியை குனிந்து பார்த்தார். புரியவில்லை. "அம்மா, காலமானார்னு எழுதலையா?"

"அவ அதுக்கு முன்னாடியே விலகிட்டா மேடம்" என்றாள் கிளார்க்கம்மா. "நான்தான் எழுதாம வச்சிருந்தேன். அந்த வருஷம் கணக்குல ஐநூறு இல்ல. நானூத்தித் தொண்ணூத்தொம்பது."

தலைமையாசிரியை மேசையில் கிடந்த பழைய தாளைப் பார்த்தார், ஜன்னலுக்கு வெளியே நின்றவரைப் பார்த்தார்.  பேனாவை எடுத்து அந்த வரிசைக்கு நேரே கையெழுத்துப் போட்டுவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு தன் அறைக்குப் போனார்.

பிறகு கிளார்க்கம்மா ஒரு மாற்றுச் சான்றிதழை எடுத்து எழுத ஆரம்பித்தாள். வெளியே வரிசை காத்திருந்தது, யாரும் முணுமுணுக்கவில்லை. மாணவியின் பேர் என்ற இடத்தில், தானும் அவரும் ஒரு மழைநாளில் சண்டை போட்டுத் தேர்ந்தெடுத்த அந்தப் பேரை முழுசாக எழுதினாள். பிறந்த தேதி எழுதினாள். அங்க அடையாளம் என்ற இடத்தில் பதிவேட்டைப் பார்க்கத் தேவைப்படவில்லை, இடது புருவத்துக்கு மேலே ஒரு தழும்பு. நடத்தை என்ற இடத்துக்கு வந்ததும் நின்றாள். ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கு யோசிக்காமல் 'நன்று' என்று எழுதிய கை அது. பேசாமல் இருந்த அந்த இரண்டு வாரமும் ஞாபகம் வந்தது. 'மிக நன்று' என்று எழுதினாள். முத்திரையை வைத்து அழுத்தினாள். கண்ணீர் விழாமல் இருக்கத் தாளைத் தள்ளிப் பிடித்துக்கொண்டாள்.

கம்பிக்கு இடையே நீட்டியதை அவர் இரண்டு கையாலும் வாங்கினார். மகளின் பேர் இருந்த இடத்தை மட்டும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, வரிசையில் தனக்கு முன்னால் நின்ற எல்லோரும் கேட்டதைக் கேட்டுக் கேட்டுப் பழகிப்போனாரோ என்னவோ, அவரும் கேட்டார்.

"இத எங்க கொண்டுபோய்க் குடுக்கணும்?"

கிளார்க்கம்மா வாயைத் திறந்தாள்.  கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பின்னால் குழந்தையோடு நின்ற அந்த அம்மாதான் பாவம் என்று முன்னால் வந்து சொன்னாள். "பாலத்துக்கு அந்தப் பக்கங்க. நம்ம பிள்ளைங்க எல்லாம் அங்கதான். மடிக்காமக் கொண்டு போங்க."

அவர் தலையை ஆட்டினார். சான்றிதழை மடிக்காமல், காற்றில் பறந்துவிடாதபடி நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, அடுத்தவருக்கு வழிவிட்டு நகர்ந்தார்.